டி.ஆர்.பி.க்குத் தெரியாதது மாவுக்கடைக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் டிவி சீரியல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சீரியல் ஏன் ஒரு கட்டத்தில் படுத்துவிடுகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள், நடிகர்களை மாற்றுகிறார்கள், சனங்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். மூன்றும் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் இதை வைத்தா முடிவு கட்டுகிறார்கள்? நான் கண்டவரை இல்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான். வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை, டி.ஆர்.பி. பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு தோசைமாவுக் கடை. வீட்டு முன்னறைதான் கடை. உள்ளே கிரைண்டர், வாசலை ஒட்டி மேஜையும் தராசும், தலைக்கு மேலே ஸ்டாண்டில் டிவி. சாயங்காலம் ஆறு மணிக்கு மாவை எடுத்துவைத்தால் ராத்திரி பத்து வரைக்கும் வியாபாரம். பாக்கெட்டும் உண்டு, தூக்குவாளி கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைவு. ஆக, சீரியல் நேரமும் என் வியாபார நேரமும் ஒன்றேதான். சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடிய காலத்தில் ஆரம்பித்த கடை என்பதால், எந்த சீரியல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதை டிவியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். வாசலைப் பார்த்தால் போதும்.

அது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு சீரியல் நன்றாகப் போகும்போது, அது ஓடுகிற நேரத்தில் என் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். விளம்பரம் போட்டதும் தெருவில் வரிசையாகக் கதவு திறக்கும். நாலைந்து பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள், எல்லாருக்கும் அவசரம். "சீக்கிரம் போடுங்க மதினி, ஆரம்பிச்சிரும்" என்பார்கள். சில்லறை வாங்க மறந்துகூட ஓடியிருக்கிறார்கள். சரியில்லாமல் போக ஆரம்பித்தால் கூட்டம் பிரிந்துவிடும். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் வருவார்கள். "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் மாவு அள்ளிக்கொண்டே இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். அப்புறம் அதையும் கேட்க மாட்டார்கள். டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தக்காளி விலை பேசுவார்கள். அதோடு அந்த சீரியல் முடிந்தது. டிவியில் அது இன்னும் ஒரு வருஷம் ஓடலாம், அது வேறு கதை.

இப்போது உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன். நீளம். 'மெட்டி ஒலி' 2002-ல் இருந்து 2005 வரை 811 எபிசோட் ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற ஓர் அப்பா, அவர்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறார், கதை அவ்வளவுதான். யாரும் நீளம் என்று சொல்லவில்லை. 2020-ல் ஊரடங்கு போட்டு ஷூட்டிங் எல்லாம் நின்றபோது அதையே திரும்ப ஒளிபரப்பினார்கள். எந்த மாப்பிள்ளை எப்படிப்பட்டவன், சரோஜாவுக்கு மாமியார் வீட்டில் என்னென்ன நடக்கும், எல்லாம் தெரிந்தவர்கள்தான் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்கள், மறுபடியும் கண்ணைத் துடைத்தார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, கடை வாசலில் இடைவெளி விட்டு நின்று சரோஜாவின் புருஷன் மாணிக்கத்தைத் திட்டியவர்களை நான் பார்த்தேன். அடுத்து என்ன என்ற ஆவல்தான் ஒருத்தரைப் பிடித்து வைக்கிறது என்றால், முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு உட்கார வேண்டும்?

நேற்று நடந்தது இன்றைக்குக் கணக்கில் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நல்ல சீரியலில் ஒரு உண்மை வெளியே வந்தால் மறுநாள் அந்த வீடு மாறியிருக்கும். பேசுகிறவர்கள் பேசாமல் இருப்பார்கள், சோறு போடுகிறவள் போடமாட்டாள். விஜய் டிவி 'பாக்கியலட்சுமி'யில் பாக்கியாவுக்குத் தெரியாமல் அவள் புருஷன் கோபி பழைய காதலி ராதிகாவோடு பழகிய குட்டு 2022-ல் உடைந்தது. அதுவரை எத்தனையோ மாதம் "எப்பத்தான் தெரியப்போகுதோ" என்று என் கடையில் எல்லாரும் பொருமிக்கொண்டிருந்தார்கள். உடைந்தபோது நிஜமாகவே எல்லாம் மாறியது. விவாகரத்து ஆனது, கோபி ராதிகாவைக் கட்டிக்கொண்டார், அந்தக் கல்யாணத்துக்கே பாக்கியா சமையல் ஆர்டர் எடுத்திருந்த கூத்தும் நடந்தது. அந்த வாரங்களில் விளம்பரம் போட்டால்தான் எனக்கு வியாபாரம். நானும் மாவு ஆட்டிப் பிழைக்கிறவள் என்பதால் பாக்கியா ஆரம்பித்த ஈஸ்வரி மசாலாவும் ஆர்டரும் ஆள் பிடிப்பதும் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பொம்பளை சமையலை வைத்துத் தொழில் பண்ணுவதை, கடன் வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை டிவியில் யார் காட்டியிருக்கிறார்கள்? பின்னால் அந்தத் தொழில் தானாகவே ஓட ஆரம்பித்தது. அடுப்புப் பக்கம் கேமரா போவது குறைந்து, ஹாலில் நின்று பேசுவது கூடியது. பிள்ளைகளின் கல்யாணப் பிரச்சினை ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று. 2025 ஆகஸ்டில் முடிந்தபோது, "இது இன்னுமா ஓடிக்கிட்டிருந்துச்சு?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் பார்த்தவர்கள்.

'பாரதி கண்ணம்மா' இதற்கு நேர் எதிர். பெண்டாட்டி மேல் சந்தேகம். ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தீர்ந்தது. சந்தேகப்படுகிறவரே டாக்டர்! கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை ஊரே கேலி செய்தது உங்களுக்கும் தெரியும். கேலி செய்தார்களே தவிர அதற்காக யாரும் நிறுத்தவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி வீட்டை விட்டு வெளியேறினால் எங்கே போவாள் என்ற கவலை நிஜமான கவலை, அதனால் பார்த்தார்கள். குழந்தைகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயது வந்து, அப்போதும் அந்த டாக்டர் டெஸ்ட் எடுக்காமல் இருந்தபோதுதான் விட்டுப்போனது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்தாளுக்கு சந்தேகம் இல்ல. சந்தேகம் தீர்ந்துட்டா சம்பளம் போயிரும்னு பயம்." நான் இவ்வளவு எழுதியும் சொல்ல முடியாததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஏனென்றால் அந்த இடத்தில்தான் திட்டு ஆள் மாறுகிறது. சீரியல் உயிரோடு இருக்கும்வரை மாமியாரைத் திட்டுவார்கள், மாப்பிள்ளையைத் திட்டுவார்கள். எவ்வளவு திட்டினாலும் பரவாயில்லை. என்றைக்கு "இந்த டைரக்டருக்கு வேற வேலையில்ல" என்று ஆரம்பிக்கிறார்களோ அன்றைக்கு சரிவு தொடங்கிவிட்டது என்று நான் வைத்துக்கொள்வேன். 'கோலங்கள்' 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில் முடிந்தது, 1,533 எபிசோட். தேவயானி நடித்த அபிக்காகவும் அவள் கட்டிய கம்பெனிக்காகவும் இந்தத் தெருவில் வேண்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பக்கம், வில்லன் ஆதி ஒவ்வொரு தடவையும் தப்பித் தப்பிப் போனபோது, ரிட்டையரான சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒருத்தர் சொன்னார்: "ஆதியப் பிடிக்க போலீஸால முடியாது. டைரக்டர் நாள் குறிச்சாத்தான் மாட்டுவான்." அதற்குப் பிறகு எனக்கும் அப்படியேதான் பார்க்க வந்தது. ஆதி தெரியவில்லை, காலண்டர்தான் தெரிந்தது.

இரண்டாவது காரணம், நடிகர் மாற்றம். இதில் எனக்கு உங்களோடு சண்டையே உண்டு. "இனி இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டால் எங்கள் ஆட்கள் மூன்று நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் கதையில் வருகிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் முல்லையாக நடித்த சித்ரா இறந்துபோனது தாங்க முடியாத சேதி. அதன்பின் காவ்யா அறிவுமணி வந்தார், அவருக்கு அப்புறம் லாவண்யா. ஒரே முல்லைக்கு மூன்று முகம். இருந்தும் அண்ணன் தம்பிகளும் மளிகைக்கடையும் தனமும் பழையபடி இருந்ததால் சனங்கள் இருந்தார்கள். முகம் மாறலாம், குணம் மாறக்கூடாது. முதல் வருஷம் விவரமாக இருந்த மருமகள் ஐந்தாம் வருஷம், கதவு இடுக்கில் யாரோ ஒட்டுக்கேட்பதுகூடத் தெரியாத அப்பாவியாகிவிட்டால், அதே நடிகை நடித்தாலும் அது வேறு ஆள்தான்.

'எதிர்நீச்சல்' பற்றி உங்கள் கட்டுரை சொன்னதும் நியாயமில்லை. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார், அதோடு சீரியலும் போனது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு என் கடையில் வேறு பேச்சே இல்லை, உண்மைதான். "ஏய், இந்தாம்மா" என்று அவர் கூப்பிடுவதைத் தெருப் பிள்ளைகள்கூடச் சொல்லித் திரிந்தார்கள். அவ்வளவு வெறுப்பேற்றுகிற ஒரு ஆளை அவ்வளவு ரசிக்க வைத்தது சாதாரண நடிப்பில்லை. ஆனால் பின்னால் வந்த எழுத்தாளர் வேல ராமமூர்த்தி மேல் பழி போடுவது தப்பு. அவர் வேறு மாதிரி குணசேகரன், அவ்வளவுதான். மீசையை முறுக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும் அவருக்கு.

சறுக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பேன். ஆரம்பத்தில் அந்த வீட்டு மருமகள்கள் ஒரு அடி எடுத்துவைத்தால் அது ஒரு அடிதான். நந்தினி சமையலை வைத்து நாலு காசு பார்க்க வேண்டும் என்று கிளம்பியதும், அப்பத்தாவின் 40 சதவீத பங்கு யாருக்கு என்று வீடே ஆடிப்போனதும் அப்படித்தான் இருந்தது. போகப்போக அதே வாசற்படியில் அதே சண்டை. இவர்கள் வெளியே கிளம்புவார்கள், குணசேகரன் மறிப்பார், கடைசி மருமகள் ஜனனி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள், எங்கள் ஆட்கள் கைதட்டுவார்கள், அடுத்த வாரம் நாலு பேரும் பழையபடி அடுப்படியில் நிற்பார்கள். எத்தனை தடவை கைதட்டுவது? 2024 ஜூனில் முடித்து, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி ஆரம்பித்தார்கள். ஜனனியாக வேறு பெண் வந்தார். இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்தத் தடவையாவது படியத் தாண்டுவாளுகளா?" என்றுதான் கேட்டார்கள்.

இன்னொரு விஷயம், இது என் தராசுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. ஹாலில் ஒரு உண்மை வெடிக்கும். உடனே இடிச் சத்தம். கேமரா மாமியார் முகத்துக்குப் போகும், திரும்ப இடி, மாமனார் முகம், இடி, சின்ன மருமகள். பிறகு அதே மூன்று முகமும் கறுப்பு வெள்ளையில் ஒரு சுற்று. கதை ஓடுகிற காலத்தில் ஒரு சுற்றோடு விட்டுவிடுவார்கள். கதை தீர்ந்தால் சுற்று கூடும். போன மாதம் ஒரு அம்மா வந்து இரண்டு கிலோ கேட்டார். நான் தூக்குவாளியை எடைபோட்டுக் கழித்து, மாவை அள்ளி ஊற்றி, விளிம்பில் வழிந்ததைத் துடைத்து, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன். அந்த அம்மா அதைத் திரும்ப எண்ணி, சுருக்குப்பையில் போட்டு முடிந்து, நிமிர்ந்து டிவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் சித்தப்பா மூஞ்சி வரல." எந்த சீரியல் என்று சொல்லவில்லை. எதற்குப் பொல்லாப்பு.

நடிகருக்குக் கால்ஷீட் இல்லாவிட்டால் அவர் "ஊருக்குப் போயிருப்பார்". பெண்டாட்டி தினமும் அவரோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள், எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்காது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிவதில்லை என்று நினைக்கிறார்களா? நன்றாகவே தெரியும். கதை உருப்படியாக இருந்தால் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவோம்.

செல்போன் விஷயத்தில் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். டிவி முன்னால் உட்கார மாட்டாள், ஆனால் எல்லாக் கதையும் தெரியும். எல்லாம் செல்போனில் வருகிற புரோமோவைப் பார்த்துத்தான். அவளுடைய அளவுகோல் ஒன்றுதான்: புரோமோவில் ஓங்கி ஒரு அறை விழுகிறதே, அது நிஜமாகவே விழுந்ததா, இல்லை எவளோ கண்ட கனவா? இரண்டு தடவை கனவு என்று ஏமாற்றினால் மூன்றாவது தடவை புரோமோவையும் பார்க்க மாட்டாள். எங்களைவிடக் கறார். ஆக, அவள் வயசுக்காரர்கள் போனது செல்போன் இழுத்ததால் மட்டுமில்லை, இந்தக் கனவு வியாபாரமும் ஒரு காரணம்.

எல்லாரும் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். எண்பதை நெருங்குகிற என் பெரியம்மாவுக்கு எந்த சீரியலும் கெட்டுப்போனதே கிடையாது. "போரடிக்குதுன்னு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகாம இருப்பமா?" என்பார். அவருக்கு அந்தப் பெண்கள் தினமும் ஏழரைக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போனால் போதும். தனியாக இருக்கிற வயசானவர்கள் வீட்டில் டிவி எதற்கு ஓடுகிறது என்பது வேறு கணக்கு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் டி.ஆர்.பி.யில் கதைக்காகப் பார்ப்பதும் சும்மா ஓடவிடுவதும் ஒன்றாகிவிடுகிறதே, அங்கேதான் சிக்கல். வியாழக்கிழமைதோறும் டி.ஆர்.பி. கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்பு விவரம் வெளியிடுகிறது, நீங்களும் முதல் ஐந்து இடம் என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். நாடு முழுக்க 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கிற கணக்கு அது. டிவி எந்த சேனலில் ஓடுகிறது, வீட்டில் யார் அவரவர் பட்டனை அழுத்தியிருக்கிறார் என்பதுவரை அதற்குத் தெரியும். ஓடுகிற டிவிக்கு முதுகைக் காட்டி வெங்காயம் உரிப்பது அதற்குத் தெரியாது. ஒன்பது மணி என்பது எங்கள் ஊரில் சாப்பாட்டு நேரம். சீரியல் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு டிவி ஓடும், ரிமோட்டைத் தேட யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் ஒரு சீரியல் மனசுக்குள் செத்து நாளாகியும் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கும். சேனலுக்கு அது போதும். பத்திரிகைக்கும் அதுவே போதுமா?

சினிமா வந்தால் வெள்ளிக்கிழமை பார்த்து சனிக்கிழமை விமர்சனம் எழுதிவிடுகிறீர்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு அரைப் பக்கம். ஐந்து வருஷம், வாரத்துக்கு ஐந்தாறு நாள், கோடிக்கணக்கான வீடுகளுக்குள் வருகிற கதைக்கு ஒரு பத்தி விமர்சனம் உண்டா? சேனல்காரர்கள் அனுப்புகிற "அடுத்த வாரம் அதிரடித் திருப்பம்" மட்டும் அப்படியே அச்சாகிறது. நூறு எபிசோடுக்கு ஒரு தடவையாவது யாராவது உட்கார்ந்து பார்த்து எழுதட்டும். இந்த நூறில் யாருக்கு என்ன தெரியவந்தது, அதனால் எது மாறியது, யார் எந்தக் காரணமும் இல்லாமல் முட்டாளாக்கப்பட்டார் என்று எழுதினாலே போதும். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும் எழுதட்டும், அதற்கும் ஆள் இல்லை.

எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால், ஒரு நிருபரை இரவு எட்டரைக்கு என் கடைக்கு அனுப்புங்கள். உட்கார ஸ்டூல் இருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு பத்து மணி வரை இருந்தால் ஒரு கட்டுரைக்குத் தேறும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். மறுநாள் ஞாயிறு, எல்லா வீட்டிலும் தோசை. அன்றைக்கு எனக்குப் பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மாவுக்கடை வைத்திருக்கும் வாசகி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.